பாலகுருவின் உப்பில்லாத நாலு மாதம்

திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய மெடிக்கலில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். பெயர் ஞானதீபம். டி.பார்ம் படித்தவள். இந்தப் படிப்பைப் பற்றி நானே பேசிக்கொள்வது கொஞ்சம் அதிகம்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சரிதான், எனக்கு வாய் நீளம். மாத்திரையைக் கொடுத்தோமா, காலை ஒன்று இரவு ஒன்று என்று அட்டையில் கோடு போட்டோமா என்று இருக்க மாட்டேன். அது எதற்கு, உள்ளே போய் என்ன செய்யும் என்பதையெல்லாம் விளக்கி அனுப்பினால்தான் எனக்கு மனசு ஆறும். அந்த வாயால் ஒரு மனுஷன் செத்துப்போனான். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவனைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லை.

பாலகுருவுக்கு முப்பத்தெட்டு வயது. எனக்குத் தம்பி முறை சொல்லலாம், அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. பட்டாசுக்காரர்களுக்கு மருந்து என்றால் வெடிக்குள் அடைக்கிற சரக்கு. அலுமினியப் பொடியையும் கந்தகத்தையும் மற்றதையும் அளந்து, சலித்து, கையாலேயே கலக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அந்தப் பொடி அவன் நகக்கண்ணில் ஏறி மினுமினுவென்று இருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. கலக்குகிற ரூமுக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் பூமிக்கு இறங்கட்டும் என்று அப்படி ஒரு ஏற்பாடு. பதினாறு வருஷமாகத் தொட்டுத் தொட்டு அவனுக்கு அது ஊறிப்போய்விட்டது. என் கடைக்கு வந்தாலும் இரும்பு ஷட்டரை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் படி ஏறுவான்.

"ஏம்ப்பா பாலகுரு, என் கடை என்ன வெடிக்கவா போகுது?" என்பேன்.

"கடைக்கு இல்லக்கா. உங்க வாய்க்கு" என்பான்.

அவன் மனைவி பாண்டிலட்சுமி அதே கம்பெனியில் திரி வைக்கிறவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. காலையில் ஒரே வேனில் ஏறிப் போவார்கள், சாயங்காலம் ஒரே வேனில் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் அவள் முன்னே விறுவிறுவென்று நடப்பாள். அவன் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு பின்னால் போவான். அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், "வாங்களேன் வெரசா" என்று ஒரு சத்தம்தான்.

போன தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டிருந்தபோது, காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். இரண்டு நிமிஷத்தில் தானே அடங்கியது. அடங்கியதைச் சாவி அடக்கியதாக நினைத்துக்கொண்டார்கள். பதினைந்து நாளில் மறுபடியும் வந்தது. பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேன் எடுத்து, வலிப்பு நோய்தான் என்று சொல்லி, கார்பமசெபின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, மூன்று மாதத்தில் வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது.

கம்பெனி திறந்ததும் பாலகுரு செய்த முதல் காரியம், போர்மேன் பெத்தணனிடம் போய்த் தானாகவே சொன்னதுதான். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. பெத்தணன் அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ப் பேசியிருக்கிறார்.

"ஏலே, இதை எதுக்கு ஊரு பூரா தமுக்கடிக்க? மாத்திரையைப் போட்டுக்கிட்டு வேலையைப் பாரு. சீசனுக்கு ஆர்டர் வந்து கெடக்கு. உன் கை பக்குவம் எவனுக்கு வரும்?"

"பக்கத்து ரூமுகள்ல பதினாறு பொம்பளையாளுக இருக்காக அண்ணாச்சி. கலக்குற நேரத்துல விழுந்தேன்னா நான் மட்டுமா போவேன்?"

அந்தப் பதினாறு பேரில் அவன் மனைவியும் ஒருத்தி. அதை அவன் சொல்லவில்லை. பாண்டிலட்சுமிதான் என்னிடம் சொன்னாள், சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அவன் கணக்கைத் தீர்த்துக்கொண்டு, ஒரு அச்சாபீஸ் குடோனில் பேப்பர் கட்டுத் தூக்குகிற வேலைக்குப் போய்விட்டான். மேலே தகரக் கூரை. உள்ளே நின்றால் அடுப்புக்குள் நிற்பதைப் போல இருக்கும். இருந்தாலும் விழுந்தால் யாருக்கும் சேதமில்லை என்று அவனுக்கு ஒரு நிம்மதி.

பாண்டிலட்சுமிக்கு ஒரே ஒரு பயம்தான். அவன் இன்னொரு தடவை விழக் கூடாது. அவள் பேசினால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு பேருக்கும் ஒரு நாள் வேலை கெடும். அதனால் அந்தப் பழைய சீட்டை வைத்தே என் கடையில் மாத்திரை வாங்க ஆரம்பித்தார்கள். நானும் கொடுத்தேன். ரத்தம் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முதல் தடவை வாங்க வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். மத்தியானம், கடையில் ஈ காக்கை இல்லை.

"அக்கா, இது உள்ள போயி என்ன செய்யும்?" என்று கேட்டாள் பாண்டிலட்சுமி.

"டாக்டரு சொல்லலியா?"

"அம்புட்டுக் கூட்டத்துல அவரு எங்கக்கா சொல்லுவாரு? ரெண்டு வேளை, நிப்பாட்டாதீகன்னாரு. அம்புட்டுத்தான்."

இது போதாதா எனக்கு? கை இரண்டையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"நம்ம நரம்பு இருக்குல்ல, அது மேல கண்ணுக்குத் தெரியாத வாசல் கோடிக்கணக்குல இருக்கு. வாசல் தெறந்தா வெளிய இருக்கிற சோடியம் உள்ள பாயும். சோடியம்னா வேற ஒண்ணுமில்ல, நாம சோத்துல போடுற உப்புல இருக்கிறதுதான். உனக்கு என்ன ஆகுதுன்னா பாலகுரு, மூளையில அந்த வாசல்லாம் கண்டமேனிக்குத் தெறந்துக்கிடுது. ஒரு நரம்பு பத்துனா அடுத்தது பத்துது, அதுக்கடுத்தது பத்துது, சரவெடி கணக்கா. இந்த மாத்திரை போயி வாசலை அடைச்சுக்கிட்டு உக்காந்துக்கிடும். உப்பை உள்ள விடாது. வெடி அங்கனயே அமந்துரும்."

பாலகுரு வாயைத் திறந்தபடி கேட்டான். சரவெடி என்றால் அவனுக்குப் புரியாதா! எனக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது. பல் பிடுங்குமுன் போடுகிற மரத்துப்போகும் ஊசியும் இதே வாசலைத்தான் அடைக்கிறது, அதனால்தான் வலி தெரிவதில்லை என்றேன். கடலில் பேத்தை என்று ஒரு மீன் உண்டு, அதன் விஷமும் இதே வாசலைத்தான் அடைக்கும், ஆனால் அது மொத்தமாக அடைத்து மூச்சையே நிறுத்திவிடும் என்றேன்.

"அப்ப எல்லாம் அளவுதான். எங்க கலவை மாதிரியே" என்றான் பாலகுரு.

"பாத்தியா, எம்புட்டு வெவரம்!" என்று மெச்சினேன்.

உப்பைப் பற்றி அவ்வளவு சொன்ன நான், அந்த உப்பு ரத்தத்தில் சரியான அளவில் இருந்தால்தான் மூளை ஒழுங்காக வேலை செய்யும் என்பதைச் சொல்லவில்லை. இந்த மாத்திரையே சிலருக்கு உடம்பில் தண்ணீரைத் தேக்கி உப்பை நீர்த்துப்போகச் செய்யும் என்பதையும் சொல்லவில்லை. அதற்குத்தான் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் வருஷப் புத்தகத்தில் படித்ததுதான். மீன் ஞாபகம் இருந்தது, இது ஞாபகம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அடுத்த அட்டை வாங்க வந்தார்கள். சாயங்கால நேரம், மேஜைக்கு முன்னால் ஐந்தாறு பேர். காய்ச்சலுக்கு ஒருத்தர், சர்க்கரை மாத்திரைக்கு ஒருத்தர், எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மாசம் ஒரு தடவைகூட வரலக்கா" என்றாள் பாண்டிலட்சுமி. முகமெல்லாம் சிரிப்பு. "உப்பைக் கொறைச்சிட்டேன்."

பாலகுரு பின்னாலிருந்து எட்டிச் சொன்னான். "மருந்துல ஒரு சரக்கை எடுத்துட்டா வெடி நமுத்துரும்லக்கா. வாசலை மாத்திரை பாத்துக்கிடட்டும். சரக்கு வராம நாங்க பாத்துக்கிடுதோம்."

நான் சர்க்கரைக்காரருக்கு அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது. நான் சொன்னது இவர்கள் மண்டையில் ஏறியிருக்கிறதே என்று பெருமை வேறு.

"நல்லதுதான். உப்பு கம்மியாச் சாப்பிடுறது எல்லாத்துக்குமே நல்லதுதான்" என்றேன்.

டி.பார்ம் படித்த அக்காவே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன? அவள் குறைத்திருக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அடியோடு நிறுத்தியிருந்தாள். குழம்பில் உப்பில்லை, ரசத்தில் இல்லை, சோறு வடிக்கும்போது போடுகிற ஒரு கல் உப்பும் இல்லை. தனக்கென்று வேறு பானையும் வைக்கவில்லை, அவன் தின்ற அதே சப்பென்ற சோற்றைத்தான் அவளும் வீட்டில் தின்றாள். கம்பெனியில் மற்ற பெண்களின் குழம்பை வாங்கி இரண்டு வாய் சாப்பிட்டதால் அவள் தப்பித்தாள். மாதங்கள் போயின. வலிப்பு வரவில்லை. வராததற்கு மாத்திரைதான் காரணம். உப்பில்லாச் சோறுதான் காரணம் என்று அவள் நம்பினாள்.

சித்திரை வெயில் இந்த வருஷம் எப்படி அடித்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். குடோனில் பாலகுருவுக்கு வேர்வை ஊற்றும், வேர்வையோடு உப்பும் போகும். தாகத்துக்குச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். அக்னி நட்சத்திரம் பிறந்த நாலைந்து நாளில் பாண்டிலட்சுமி தனியாகக் கடைக்கு வந்தாள்.

"அவுகளுக்குத் தலை கிறுகிறுங்குதுக்கா. ரெண்டு நாளா வாந்தி. நேத்து வேலை முடிஞ்சு வர்றப்ப வீட்டுக்கு எந்தத் தெருவுன்னு தெரியாம நின்னுருக்காக. பக்கத்து வீட்டு அண்ணன் கூட்டியாந்து விட்டாக."

"இந்த மாத்திரைக்குத் தலை சுத்தும். வெயிலு வேற. இதைக் கரைச்சுக் குடு" என்று ஓ.ஆர்.எஸ் பாக்கெட் இரண்டை எடுத்து வைத்தேன்.

அவள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல உப்பு இருக்காக்கா?"

"இருக்கும். உப்பும் சர்க்கரையும்தான் அது."

"அப்ப வேண்டாம்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் எடுத்துக் கொடுக்கிற பொருளை வேண்டாம் என்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. அன்றைக்குக் கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை, காலையிலிருந்து நின்று கால் கடுத்தது. "வேண்டாம்னா போ, உன் இஷ்டம். பச்சைத் தண்ணியாவது நெறையக் குடிக்கச் சொல்லு" என்று பாக்கெட்டை வெடுக்கென்று பிடுங்கி அடுக்கில் போட்டேன்.

ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. ஊருக்கே கேட்காத விளக்கமெல்லாம் சொல்கிற எனக்கு அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. அவள் போய், நான் சொன்னபடியே அவனுக்கு இன்னும் தண்ணீர் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பாலகுரு விழுந்தான். ஒன்று அடங்குமுன் அடுத்தது. நூற்றெட்டு வண்டி வருவதற்குள் நாலு தடவை இழுத்துவிட்டது. விஷயம் தெரிந்து மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயில் குழாய் செருகி, கண்ணை மூடிக் கிடந்தான். நகக்கண்ணில் அந்தப் பொடியின் மினுக்கம் போயிருந்தது, வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டதே. கட்டில் கால்மாட்டில் தொங்கிய சீட்டை எடுத்துப் பார்த்தேன். ரத்தத்தில் சோடியம் நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போகக் கூடாது. அவனுக்கு நூற்று ஆறு.

உப்பு கம்மியாகச் சாப்பிடுவது நல்லது என்று நான் சொன்னது, ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டைப் பிடுங்கியது, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

அந்த நேரம் டாக்டர் வந்தார், சின்ன வயதுப் பெண். பாண்டிலட்சுமியைப் பார்த்து, "இவர் சாப்பாட்டில் உப்பு சேர்ப்பாரா, மாட்டாரா?" என்று கேட்டார்.

பாண்டிலட்சுமி நிமிர்ந்து நின்றாள். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவளைப் போல முகம் தெளிந்தது.

"இல்லவே இல்லங்கம்மா. நாலு மாசமா ஒரு கல்லு உப்பு போடல. அம்புட்டுப் பக்குவமா வச்சிருந்தேன். பெறகும் எப்படிம்மா வந்துச்சு?"

யார் அப்படிச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். பாண்டிலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாங்களாத்தான்மா" என்றாள். எதற்கோ அக்காவைத் திட்டப் போகிறார்கள், நாம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்படிச் சொன்னது நான்தான் என்று டாக்டரிடம் சொல்லவில்லை. வாய் நீளக்காரிக்கு அன்றைக்கு வாயே இல்லை.

மருந்து ஏற்றினார்கள். உப்பை மெதுவாகத்தான் ஏற்ற முடியுமாம். மூளை ஏற்கெனவே வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் பாலகுரு போய்விட்டான். எடுக்கிறபோது பெத்தணன் வந்திருந்தார். பக்கத்து ரூம்களில் வேலை பார்க்கிற மற்றப் பதினைந்து பெண்களும் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டவன் அவன். பாண்டிலட்சுமி அழுதாள், எனக்கு அவள் பக்கத்தில் போகத் தைரியமில்லை. தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவளை நான் போய்ப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டால் ஜெபம் வராது, ஆண்டவரே ஆண்டவரே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை ஓடாது. அவளிடம் உண்மையைச் சொன்னால் யாருக்கு என்ன லாபம், அவள் மனசு இன்னும் நொறுங்கும், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று பசப்பிக்கொண்டேன். பயம்தான் காரணம். வேறொன்றுமில்லை.

போன வாரம் அவளே வந்தாள். கையில் ஆஸ்பத்திரிக் கவர். விதவைப் பென்சனுக்கு எழுதிப் போட வேண்டும், இதில் எது எந்தச் சீட்டு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். இளைத்துப்போயிருந்தாள். நான் சீட்டுகளைப் பிரித்து அடுக்கினேன். சாவுக்குக் காரணம் எழுதிய சீட்டை அடியில் வைத்தேன். அவள் அதை உருவி மேலே வைத்தாள்.

"இதை வாசிச்சுச் சொன்னாகக்கா, ஆபீசுல. சோடியம் கொறைஞ்சு செத்ததா எழுதியிருக்காம். சோடியம்னா உப்புதானக்கா?"

"ஆமா."

"கொறைஞ்சா செத்துருவாகளா?"

கடையில் யாருமில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். வியாதி முற்றிவிட்டது, விதி, ஆண்டவர் சித்தம், சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் கொறைஞ்சா ஆபத்துதான் லட்சுமி. உன்மேல தப்பில்ல. நான்தான் அரையும் குறையுமாச் சொன்னேன். நீ உப்பைக் கொறைச்சேன்னு வந்து சொன்னப்பவும் நான்தான் நல்லதுன்னேன். தலை சுத்துதுன்னு வந்தப்பவும் கேக்காமத் தண்ணியக் குடிக்கச் சொன்னேன். எல்லாம் நான்தான்."

சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"விழுறதுக்கு முந்தின நாளு, நான் வெளிய துணி காயப்போட்டுட்டு வாரேன், அடுப்பாங்கரையில நிக்காக. உப்பு டப்பாவைத் தெறந்து ஒரு கை அள்ளி வாயில போட்டுக்கிட்டாகக்கா. பச்சை உப்பை. சின்னப் புள்ள மண்ணைத் திங்கிற மாதிரி. நான் ஓடிப்போயி வாய்க்குள்ள வெரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். கையைப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேன்னாக. கொஞ்சூண்டு லட்சுமி, கொஞ்சூண்டுன்னாக. நான் ரெண்டு அடி அடிச்சு, வாயைக் கழுவி விட்டேன்."

அடுக்கி வைத்த சீட்டுகளை அவள் எடுத்துக் கவருக்குள் போட்டாள்.

"அது ஆசைப்பட்டுத் தின்னது இல்லியாக்கா? உடம்பு கேட்டுருக்கா?"

"ஆமா லட்சுமி" என்றேன்.

அவள் கடைப் படியில் உட்கார்ந்தாள். வலது கை விரல் இரண்டை மடியில் நீட்டி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் திட்டு, ஏதாவது சொல்லித் திட்டு என்றேன். அவள் திட்டவே இல்லை.